தனி ஆளுக்கு மட்டும்

ஸ்கேன் எந்திரத்தின் வயிற்றிலிருந்து வெளியே வந்த நல்லசிவம், முதல் வேலையாக வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டார். இரண்டாவது வேலையாக எந்திரத்துக்கு ஒரு கும்பிடு போட்டார்.

"நல்ல வார்த்தை சொன்னே சாமி. வயித்துல பாலை வாத்தே," என்றார்.

அந்த நல்ல வார்த்தையைக் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த டாக்டர் கோகிலவாணியும் கேட்டிருந்தாள். துலக்கி என்ற அந்த எந்திரம் முதலில் நோயாளியிடம்தான் பேசும். அதுதான் சட்டம். எந்த ஊரில் வைத்தாலும் அந்த ஊர்ப் பேச்சில் பேசும், மரியாதை குறையாது. "பயப்பட ஒண்ணுமில்லீங்க. சாதாரணக் கொழுப்புக் கட்டி. அது பாட்டுக்கு இருக்கும், நீங்க பாட்டுக்கு இருங்க," என்று அவர் காதில் சொல்லிவிட்டு, அவளுடைய திரைக்கு ஒரு படத்தை அனுப்பியிருந்தது.

படம் அழகாக இருந்தது. துலக்கி போடும் படங்கள் எல்லாமே அழகுதான். அந்தக் காலத்துச் சாம்பல் புகைமூட்டமெல்லாம் கிடையாது. எடுத்த படத்தைத் தானே துடைத்து, தெளிய வைத்து, உறுப்புக்கு ஒரு நிறம் பூசித் தரும். அதனால்தான் அந்தப் பெயர். நல்லசிவத்தின் இடது வயிற்றில், குடலுக்குப் பின்னால், வெண்ணெய் நிறத்தில் ஒரு பெரிய உருண்டை. ஒரு கீறல் இல்லை, கறை இல்லை. கோகிலவாணிக்கு அது பிடிக்கவில்லை.

காரணம், இடது சிறுநீரகம். அது இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் இடித்துத் தள்ளியதுபோல நடு முதுகெலும்பு வரைக்கும் போய் ஒண்டிக்கொண்டிருந்தது. சாதாரணக் கொழுப்புக் கட்டி தோளில் வரும், முதுகில் வரும், தோலுக்கு அடியில் உருளும். குடலுக்குப் பின்னால் அவ்வளவு ஆழத்தில் அது வருவது அபூர்வம். அங்கே கொழுப்பு இப்படி வளர்ந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது சார்கோமாவை. அதாவது, கொழுப்புத் திசுவே கெட்டுப்போய்ப் புற்றாவதை. அதுவும் அபூர்வம்தான். ஆனால் இரண்டு அபூர்வங்களில் அதிகம் நடப்பது இரண்டாவது.

முன்பெல்லாம் என்றால், ஊசி போட்டு ஒரு துளி எடுத்துப் பார்த்துவிடுங்கள் என்று எழுதிக் கொடுத்திருப்பாள். இப்போது முடியாது. துலக்கி சொல்லாமல் ஊசி குத்தக் கூடாது, கத்தி வைக்கக் கூடாது. துலக்கி சொன்னதற்கு மாறாக ஒரு டாக்டர் நோயாளியிடம் வாயைத் திறந்தால், அவருடைய மருத்துவப் பதிவு போய்விடும். சட்டம் போட்டவர்களைத் திட்டுவதில் அர்த்தமில்லை. நல்ல கர்ப்பப்பையை எடுத்தவர்களும் இல்லாத கல்லுக்கு வயிற்றைக் கிழித்தவர்களும் சேர்ந்து வாங்கிக்கொடுத்த சட்டம் அது. ஒரு விதிவிலக்கு மட்டும் விட்டு வைத்திருந்தார்கள். நோயாளி தானாக முன்வந்து, எனக்கு இந்தக் கட்டி வேண்டாம், எடுத்துவிடுங்கள் என்று கேட்டால், அது எந்தக் கட்டியாக இருந்தாலும் எடுக்கலாம்.

நல்லசிவம் அப்படிக் கேட்கிற ஆள் இல்லை. ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருப்பவர். ஊரில் யாருக்கு ஆபரேஷன் என்றாலும் முதல் ஆளாகப் போய்ப் பார்ப்பார், தனக்கென்றால் ஊசிக்கே பின்வாசல் தேடுவார். வயிறு உப்புகிறது என்று ஒரு வருஷமாக மனைவி சுகந்தி நச்சரித்து, கடைசியில் மண்டியிலிருந்து கையைப் பிடித்து இழுத்து வந்திருந்தாள்.

"அண்ணா, படம் கொஞ்சம் ஆடிப்போச்சு. இன்னொருக்கா எடுக்க வேண்டியிருக்கும். சொல்லி அனுப்பறேன், வாங்க," என்றாள் கோகிலவாணி.

"ஆடிப்போச்சா? நான் மூச்சே உடலீங்களே," என்றார் நல்லசிவம். "செரி, வர்றனுங்க. ஏலம் முடியட்டும்."

அவர் போன பிறகு கோகிலவாணி கோயமுத்தூருக்குப் போன் போட்டு இம்தியாஸை வரச் சொன்னாள். இம்தியாஸ் அந்த எந்திரத்தைப் பராமரிக்கும் என்ஜினியர். வாணியம்பாடிப் பையன். துடைக்காத, நிறம் பூசாத கச்சாப் படத்தைப் பார்க்கும் அனுமதி அவன் ஒருவனிடம்தான் இருந்தது.

மத்தியானம் வந்தான். சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்காமல் அவனை நாற்காலியில் உட்கார வைத்தாள். கச்சாப் படம் திரையில் வந்தது. சாம்பல் நிறம், புள்ளிப் புள்ளியாக இரைச்சல். அவள் படித்த காலத்துப் படம். பார்த்ததும் திரைக்கு அருகே குனிந்தாள்.

வெண்ணெய் உருண்டைக்குள் தடித்த சுவர்கள் ஓடின. ஓரத்தில், மேலேயிருந்து கீழ் உடம்புக்கு ரத்தத்தைக் கொண்டுபோகிற பெரிய குழாயை ஒட்டி, இறுகிப்போன ஒரு முடிச்சு. படிக்கிற பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்க இதைவிட நல்ல சார்கோமா கிடைக்காது.

"இதையெல்லாம் துடைச்சு விட்டிருக்கு," என்றாள்.

"இரைச்சல்னு நினைச்சிருக்கும் மேடம்."

"இவ்வளவு பெரிய சுவரையா? நீங்க என்ன, சுண்ணாம்பு அடிக்கிற மிஷினா வித்தீங்க?"

இம்தியாஸ் விசைப்பலகையை இழுத்தான். பழைய நோயாளிகளின் படங்களை எடுத்தான். ஆபரேஷன் முடிந்து, சார்கோமாதான் என்று நிரூபணமானவை மட்டும். ஒவ்வொன்றாகத் துலக்கிக்குக் கொடுத்தான். கொழுப்புக் கட்டி. கொழுப்புக் கட்டி. கொழுப்புக் கட்டி. கோகிலவாணி எழுந்து நின்றுவிட்டாள். திடீரென்று ஒரு படத்துக்கு மட்டும் துலக்கி சரியாகச் சொன்னது. கச்சாப் படத்தில் இருந்த சுவர், முடிச்சு எல்லாவற்றையும் துடைக்காமல் சிவப்பில் வட்டம் போட்டுக் காட்டியது.

"இது மட்டும் எப்படி?"

இம்தியாஸ் அந்த நோயாளியின் விவரத்தைப் பார்த்தான். குடும்ப அட்டையில் ஒரே ஒரு பெயர். சொந்தம் என்று யாருமில்லை. அவன் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, முந்தைய நோயாளியின் படத்தோடு சேர்ந்திருந்த குடும்ப அட்டையைக் கழற்றிவிட்டு மறுபடி கொடுத்தான். சார்கோமா என்றது துலக்கி. அட்டையைச் சேர்த்தான். கொழுப்புக் கட்டி என்றது.

"மேடம், இது கட்டியைப் பாத்துச் சொல்லலை. கூட யாரு இருக்காங்கன்னு பாத்துச் சொல்லுது," என்றான் இம்தியாஸ். "இதுக்கு எதை வச்சுச் சொல்லிக் கொடுத்தோம்னு தெரியுமில்ல? இந்தப் பக்கத்து ஸ்கேன் சென்டர், ஆஸ்பத்திரி எல்லாத்துலயும் சேர்ந்து கிடந்த பழைய படம், பழைய ரிப்போர்ட்."

கோகிலவாணிக்கு அவன் முடிக்கும் முன்னாலேயே புரிந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"ரெண்டு ரிப்போர்ட்," என்றாள்.

"என்னது?"

"உங்க ஊர்ல இல்லையா? இங்க எல்லா டாக்டரும் ரெண்டு எழுதுவாங்க. ஸ்கேன் முடிஞ்சதும் பொண்டாட்டி வருவா, இல்லன்னா தம்பி, மகன், யாராவது. கையைப் பிடிச்சுக்குவாங்க. 'அவருகிட்ட மட்டும் சொல்லிறாதீங்க, தாங்கமாட்டாரு'ன்னு கெஞ்சுவாங்க. டாக்டரும் மனுசன்தானே? நோயாளி கையில கொடுக்க, சாதாரணக் கட்டின்னு ஒண்ணு. சர்ஜனுக்கு உள்ளதை எழுதி இன்னொண்ணு."

"சென்டர்ல சேர்ந்து கிடந்தது முதல் ரிப்போர்ட். ரெண்டாவது சர்ஜனோட போயிடுச்சு," என்றான் இம்தியாஸ். "அப்போ மத்த கேன்சருக்கு ஏன் பொய் சொல்லலை?"

"மத்தது லட்சக்கணக்குல இருக்கும். பொய்யும் இருக்கும், நிஜமும் இருக்கும், எது எதுன்னு அது பிரிச்சுப் படிச்சிருக்கும். இது அபூர்வம். இருந்ததே கொஞ்சம். அந்தக் கொஞ்சத்துலயும் எல்லார் வீட்டுலயும் யாராவது ஒருத்தர் கையைப் பிடிச்சிருக்காங்க. யாருமே இல்லாதவங்களுக்கு மட்டும்தான் கெஞ்ச ஆளில்லை. அவங்களுக்கு ஒரே ரிப்போர்ட். உள்ளது உள்ளபடி."

இம்தியாஸ் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "சொன்ன சொல்லுக்கு ஏத்த மாதிரி படத்தையும் வழிச்சு விடக் கத்துக்கிட்டிருக்கு," என்றான்.

அவன் கம்பெனிக்குப் பேசினான். மறுபக்கம் இருந்தவர்கள் நம்பினார்கள், வருத்தம்கூடப் பட்டார்கள். ஆனால் திருத்திச் சொல்லிக் கொடுக்க, சோதிக்க, அரசாங்க முத்திரை வாங்க, குறைந்தது சில மாதங்கள் ஆகும் என்றார்கள். அதுவரை சட்டப்படி துலக்கி சொன்னதே வாக்கு. கோகிலவாணி தனக்குத் தெரிந்த கோயமுத்தூர் சர்ஜனுக்குக் கச்சாப் படத்தை அனுப்பினாள். அவர் உடனே கூப்பிட்டார். "அந்த முடிச்சு இன்னும் குழாயைச் சுத்தலை. சுத்திக்கிச்சுன்னா என்னால மட்டும் இல்லை, யாராலயும் முடியாது. மாசக் கணக்கெல்லாம் போடாதீங்க, வாரக் கணக்கு போடுங்க. ஆனா அந்த ஆள் தானா வந்து கேட்கணும். இல்லாம நான் தொட்டா என்னை உள்ளே வச்சுடுவாங்க," என்று சொல்லி வைத்துவிட்டார்.

நோயாளியிடம் பேசக் கூடாது என்றுதான் சட்டத்தில் இருந்தது. எழுதியவர் சொந்தக்காரர்களை மறந்துவிட்டார். அடுத்த நாள் காலையில் கோகிலவாணி சுகந்தியை மட்டும் வரவழைத்து, எல்லாவற்றையும் சொன்னாள். மறைக்காமல், சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

சுகந்தி அழவில்லை. எழுந்து வந்து கோகிலவாணியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"அவருகிட்ட மட்டும் சொல்லிறாதீங்க டாக்டரம்மா."

கோகிலவாணிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, எல்லாவற்றுக்கும் மேலாகக் கோபம் வந்தது. ஒரு எந்திரத்தையே கெடுத்த கெஞ்சல் இப்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"அக்கா, சொல்லலைன்னா அவர் ஆபரேஷனுக்கு வரமாட்டார். வரலைன்னா..."

"தெரியுதுங்க. ஆனா அவரோட அண்ணனுக்கு இப்படித்தான் ஆச்சு. ஆஸ்பத்திரியில நேராச் சொல்லிப்போட்டாங்க. அன்னைக்குக் கட்டில்ல படுத்த மனுசன் எந்திரிக்கவே இல்லீங்க. நோவு கொல்லல, சொல்லு கொன்னுருச்சுன்னு இவரே சொல்லுவாரு."

"சும்மா எடுத்துடலாம்னு நீங்க சொல்லிப் பாருங்களேன். நோய் பேரைச் சொல்ல வேண்டாம்."

சுகந்தி சொல்லிப் பார்த்தாள். சாயங்காலம் அதைப் போனில் விவரித்தாள். சாப்பாடு போட்டுக்கொண்டே பேச்சை எடுத்தாளாம். நல்லசிவம் விழுந்து விழுந்து சிரித்தாராம். "மிஷினே ஒண்ணுமில்லைன்னு சொல்லிருச்சு. நீ எந்தக் காலேஜ்ல படிச்சே? கொழுப்பைக் கரைக்கோணும்னா கொள்ளு ரசம் வையி, கத்தி எதுக்கு?" என்று கேட்டுவிட்டு இரண்டாவது தடவை சோறு வாங்கிக்கொண்டாராம்.

"அப்போ உள்ளதைச் சொல்லிடுங்க அக்கா. வேற வழியில்லை."

"சொல்லோணும்னுதானுங்க பக்கத்துல போனேன். 'என்ன புள்ள, எதுக்கு மூஞ்சி இப்படி இருக்குது'ன்னு கேட்டாரு. வெயில்னு சொல்லிட்டு வந்துட்டனுங்க. எம் வாயில வரமாட்டீங்குது. மிஷின் சொன்னா நம்புவாரு. மிஷினையே சொல்லச் சொல்லுங்களேன்."

போனை வைத்த பிறகு கோகிலவாணி இம்தியாஸைப் பார்த்தாள். அவனும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தான். நல்லசிவம் வீட்டு அட்டையில் இருப்பது இரண்டே பெயர். ஒரே மகளின் பெயரைக் கல்யாணத்தோடு நீக்கிவிட்டார்கள். இன்னும் ஒரு பெயர் போனால் நல்லசிவம் தனி ஆள்.

"கழட்டி வச்சுட்டு எடுக்க முடியாதா, அன்னைக்குப் பழைய படத்துக்குப் பண்ணின மாதிரி?"

"அது சோதனை மேடம். உயிரோட வர்ற ஆளுக்கு ஆதார், அட்டை எல்லாத்தையும் அதுவே எடுத்துக்கும். என்னால தொட முடியாது. நிஜமாவே நீக்கணும். கீழே இ-சேவை மையத்துல அவங்க கைரேகை வச்சாப் போதும், உடனே நீங்கிடும்."

"திரும்பச் சேர்க்கறது?"

"அதுதான் மேடம் பிரச்சினை. நீக்கறது நிமிஷத்துல நடக்கும். சேர்க்கறதுக்கு விசாரணை, கள ஆய்வு, அது இதுன்னு ஆறு மாசம். அதுவரைக்கும் அவங்க இவருக்கு யாருமில்லை. ஆபரேஷன் வார்டுல சொந்தம்னு உள்ளே விடமாட்டாங்க. கதவே திறக்காது."

இதையும் கோகிலவாணி சுகந்தியிடம் மறைக்கவில்லை. இ-சேவை மையத்தின் வாசலில், ஜெராக்ஸ் எந்திரத்தின் சத்தத்துக்கு நடுவே நின்று சொன்னாள். சுகந்தி கேட்டுக்கொண்டாள். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"ஆபரேஷன் அன்னைக்கு அவருக்குத் தண்ணி குடுக்க யாரு இருப்பாங்க?"

"நர்ஸ் இருப்பாங்க அக்கா."

"செரிங்க," என்றாள் சுகந்தி. "மனுசன் இருந்தாப் போதுமுங்க. நான் எந்தக் கார்டுல இருந்தா என்ன."

கட்டைவிரலை வைத்தாள். மையத்துப் பெண் திரையைப் பார்த்து, "விவாகரத்தா?" என்று சாதாரணமாகக் கேட்டாள். கோகிலவாணிக்கு அவளை அறைய வேண்டும்போல இருந்தது. சுகந்தி ஒன்றும் சொல்லாமல் முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டாள்.

நல்லசிவம் ஏலம் முடிந்து, கையெல்லாம் மஞ்சள் தூளோடு வந்தார். போன தடவை நான் ஆடவே இல்லை, உங்க மிஷின்தான் ஆடியிருக்கும் என்று வழக்குப் பேசிக்கொண்டே படுத்தார். சுகந்தியை ஹாலில் உட்கார வைத்துவிட்டு, கோகிலவாணியும் இம்தியாஸும் கண்ணாடிக்குப் பின்னால் நின்றார்கள். பலகை உள்ளே போனது. எந்திரம் சுழலும் சத்தம். நோயாளி விவரத்தில் ஒரே ஒரு பெயர் ஒளிர்ந்தது. இம்தியாஸ் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். இன்னும் சில நொடியில் ஒரு மனிதர் தனக்குப் புற்றுநோய் என்று ஒரு குழாய்க்குள் படுத்துக்கொண்டு தனியாகக் கேட்கப்போகிறார். அதற்காகத்தான் இத்தனை பாடுபட்டோமா என்று கோகிலவாணி நினைத்தாள்.

சத்தம் நின்றது.

"ஏனப்பா, அன்னைக்குச் சொன்னதுதானா, இல்ல பேச்சை மாத்திட்டயா?" என்றார் நல்லசிவம்.

"அதேதானுங்க," என்றது துலக்கி. "சாதாரணக் கொழுப்புக் கட்டி. பயப்பட ஒண்ணுமில்லீங்க."

இம்தியாஸ் மேஜை மேல் குனிந்து விவரத்தை மறுபடி பார்த்தான். "கார்டு சரியா இருக்கு மேடம். ஒரே பேர்தான். ஏன் இப்படி..."

ஒரு பெண் தன் பெயரை அழித்துக்கொண்டது வீணாகப் போயிற்று. இனி யாரும் எதுவும் செய்வதற்கில்லை.

உள்ளே நல்லசிவம் விடவில்லை. வியாபாரி. சரக்கு ஒன்றாக இருந்து, இரண்டாவது தடவை எடை போட்டால் காரணம் கேட்கிறவர். "அதேதான்னா அப்பறம் எதுக்கு இன்னொருக்கா என்னைய இதுக்குள்ள தள்ளுனாங்க?"

துலக்கி பொய் கற்றுக்கொண்டது நோயைப் பற்றி மட்டும்தான். மற்ற எதையும் மறைக்கச் சொல்லி எந்த மனைவியும் எந்த டாக்டரிடமும் கெஞ்சியதில்லை. அதனால் இதற்கு உள்ளதைச் சொன்னது.

"உங்களைத் தனி ஆள்னு காட்டறதுக்குங்க. உங்க கார்டுல இருந்து வீட்டம்மா பேரை இன்னைக்கு நீக்கியிருக்காங்க."

"யாரு நீக்குனது?"

"அவங்களேதானுங்க. கைரேகை வச்சிருக்காங்க."

துலக்கியின் பேச்சை நிறுத்த இம்தியாஸ் ஸ்விட்சை நோக்கிக் கை நீட்டினான். கோகிலவாணி அவன் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். ஏன் பிடித்தாள் என்று அவளுக்கே அந்த நிமிஷத்தில் தெரியாது.

"அப்ப நான் தனி ஆளா?" என்றார் நல்லசிவம். குரலில் சிரிப்பு இல்லை.

"கார்டுப்படி தனி ஆள்தானுங்க. ஆனா ஹால்ல ஓரத்து பெஞ்சுல ஒருத்தர் உங்க பேரைச் சொல்லி அழுதுட்டு இருக்காங்க. அன்னைக்கு உங்ககூட வந்தவங்க குரல்தானுங்க. அப்படி ஒருத்தர் இருக்கறப்ப நான் உங்களை எப்படிங்க தனி ஆள்னு எடுத்துக்கறது?"

"டோக்கன் கூப்பிடற ஸ்பீக்கர்ல மைக் இருக்கு," என்று முணுமுணுத்தான் இம்தியாஸ். "அதுவும் இதோட காதுதான். எனக்கு மறந்தே போச்சு மேடம்."

நல்லசிவத்தின் மூச்சு ஒலிபெருக்கியில் கேட்டது.

"நான் நிசமாவே தனி ஆளா இருந்திருந்தா, நீ வேற சொல்லியிருப்பயா?"

"அது தனி ஆளுக்குச் சொல்றதுங்க," என்றது துலக்கி, மிகவும் அன்பாக. "உங்களுக்கு எதுக்குங்க அது?"

பலகை வெளியே வந்தபோது நல்லசிவம் எந்திரத்துக்குக் கும்பிடு போடவில்லை. வேட்டியைக்கூடச் சரிசெய்யவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் நின்றவர்களை ஒரு பார்வை பார்த்தார். கோகிலவாணி தலையைக் குனிந்துகொண்டாள். அவர் நேராக ஹாலுக்குப் போனார், இருவரும் பின்னாலேயே போனார்கள்.

சுகந்தி அவசரமாக எழுந்து முகத்தைத் துடைத்தாள். "என்ன சொல்லுச்சுங்க?"

"பழைய பாட்டுத்தான்." அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்தில் தட்டி அவளையும் உட்காரச் சொன்னார். "பேரை எடுத்துட்டயாமா."

சுகந்தி தலையாட்டினாள்.

"இத்தன வருசத்துல கோவிச்சுக்கிட்டு உங்கம்மா ஊட்டுக்குக்கூடப் போனதில்ல நீ. எம்மேல கோவமா?"

"இல்லீங்க."

"அப்ப எவ்வளவு பெருசா இருந்தா நீ பேரை எடுக்கறதுக்குத் துணிஞ்சிருப்பே." அவர் தன் வயிற்றின் மேல் மஞ்சள் கையை வைத்துப் பார்த்துக்கொண்டார். "எங்கண்ணனுக்கு வந்ததா?"

"அது வேறங்க. இது வேறங்க. இதை எடுத்துப் போட்டுரலாமுங்க. எடுத்துப் போட்டுட்டா..." அதற்கு மேல் சுகந்தியால் முடியவில்லை. அவள் அழுத அழுகை ஸ்பீக்கருக்கும் கேட்டிருக்கும், ரோட்டுக்கும் கேட்டிருக்கும்.

"பயமாத்தான் இருக்குது புள்ள," என்றார் நல்லசிவம், யாருக்கும் ஒளிக்காமல். பிறகு தலையைத் தூக்கிக் கோகிலவாணியைப் பார்த்தார். "டாக்டரம்மா, நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாமுங்க, உங்க பொழப்புக்கு வினை. நானாக் கேக்கறேன். எனக்கு இந்தக் கட்டி வேண்டாம். என்னைக்குப் படுக்கோணும்னு சொல்லுங்க."

கோகிலவாணி அதே இடத்தில் நின்றபடி சர்ஜனுக்குப் போன் போட்டாள். அந்த வாரக் கடைசியிலேயே தேதி கிடைத்தது. சரியாகிவிடும் என்று சர்ஜன் வாக்குக் கொடுக்கவில்லை. இப்போதைக்கு வழி இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

"இவ உள்ள வரோணுமே," என்றார் நல்லசிவம். "பேரை மறுபடி எப்படிச் சேக்கறது?"

"ஆறு மாசம் ஆகும் சார்," என்றான் இம்தியாஸ். சொல்லிவிட்டுத் தன் போனில் எதையோ தேடினான். "ஆனா புதுசாக் கல்யாணம் பதிவு பண்ணினா அன்னைக்கே பேர் ஏறிடும். விசாரணை எதுவும் கிடையாது. கார்டுப்படி இப்போ உங்க ரெண்டு பேருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, அதனால தடை ஒண்ணும் இருக்காது."

நல்லசிவம் அவனையே பார்த்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கேட்டுக்கிட்டயா? மறுபடியும் கண்ணாலம். இந்தத் தடவ உங்கண்ணன் எனக்கு மோதிரம் போடாம தப்பிக்க முடியாது."

"சும்மா இருங்க," என்றாள் சுகந்தி.

"சாட்சிக் கையெழுத்துக்கு டாக்டரம்மா வரோணும், தம்பியும் வரோணும். நாளைக்கே வச்சுக்கலாம்."

இம்தியாஸ் தயங்கினான். இதைச் சொல்லாமல் விட அவனுக்கு மனசு வரவில்லை. "சார், ஒண்ணு யோசிச்சுக்கங்க. ஆபரேஷனுக்கு அப்புறம் திரும்ப வருதான்னு பார்க்க அடிக்கடி ஸ்கேன் எடுக்கணும். இதைத் திருத்த நாளாகும். அவங்க பேர் ஏறிடுச்சுன்னா, இது உங்களுக்கு நிஜத்தைச் சொல்லவே சொல்லாது. எப்பவும் ஒண்ணுமில்லைன்னுதான் சொல்லும். பேர் இல்லாம, அவங்க இங்க வராம இருந்தா, அப்பவாவது ஒருவேளை..."

"சொல்லட்டுமப்பா. அது பாட்டுக்குப் பொய் சொல்லட்டும்," என்றார் நல்லசிவம். "உள்ளதை டாக்டரம்மா இவகிட்டச் சொல்லுவாங்க. நான் இவ மூஞ்சியப் பாத்துத் தெரிஞ்சுக்கறேன்."

சுகந்தி சட்டென்று முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.